இடைவழியில் ஓர் ஆற்றங்கரை ஊர்

பிரான்ஸ் நாட்டின் நாட்டுப்புறத்தில், லுவார், லோத், தொர்தோஞ் ஆகிய ஆறுகளின் கரைகளில் அமைந்த சிற்றூர்களைப் பார்ப்பதற்கென்றே ஆண்டுதோறும் பெருந்திரளானோர் பயணம் செய்கின்றனர். அங்கே அவர்கள் காண்பவை ஒரு பழைய கற்பாலம், ஒரு தேவாலயம், வாரச்சந்தை கூடும் ஒரு திறந்த வெளி, படகுகள் கட்டப்படும் கற்படிகள் ஆகியவையே. இவ்வளவு எளிய காட்சிகளுக்காக மக்கள் வருவது தற்செயலாக நேர்ந்ததன்று. 1982-ஆம் ஆண்டில் கொலோஞ்-லா-ரூழ் என்னும் ஊரின் நகரத் தலைவர் ஷார்ல் செராக் முன்னின்று, ‘பிரான்சின் மிக அழகிய சிற்றூர்கள்’ என்ற பெயரில் ஒரு சங்கத்தை அமைத்தார். மக்கள்தொகை 2,000-க்கு மேற்படாமலும் சட்டப் பாதுகாப்புப் பெற்ற நினைவுச்சின்னங்களோ இடங்களோ இரண்டேனும் கொண்டும் இருக்கும் ஊர்களை மட்டுமே அச்சங்கம் ஏற்றுக்கொள்கிறது. ஒரு சிற்றூர் பார்க்கத் தகுந்தது என்ற தகுதியை அவ்வூரின் கற்களும் ஆறும் தாமாகவே தந்துவிடுவதில்லை. யாரோ ஒருவர் அதை எடுத்துச்சொல்லி, பட்டியலிட்டு, பலகை நட்டு, அங்கே நின்று பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தியாக வேண்டும் என்பதே இந்த வரலாறு காட்டும் செய்தியாகும்.

தமிழ்நாட்டில் பயணம் பெரும்பாலும் கோயிலை, உறவினர் வீட்டை, பணியிடத்தை நோக்கியே அமைவதால், வழியில் உள்ள சிற்றூர் பேருந்து சிறிது நேரம் நிற்கும் இடமாகவும் தேநீர் குடிக்கும் இடமாகவும் மட்டுமே நினைவில் தங்குகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் வட எல்லையில், சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், ஆரணி ஆற்றின் கரையில் அமைந்துள்ள ஊத்துக்கோட்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். செங்குன்றம், பெரியபாளையம் வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலை இவ்வூரைக் கடந்தே நாகலாபுரம், பிச்சாட்டூர், புத்தூர் என்று நீள்கிறது. வட்டத் தலைமையிடமாகவும் பேரூராட்சியாகவும் விளங்கும் இவ்வூருக்கு ரயில் பாதை இல்லை. ஆயினும் இரு மாநிலப் பேருந்துகளும் சரக்கு வாகனங்களும் இரவு பகலாக இதன் கடைவீதி வழியே செல்கின்றன. இவ்வளவு பேர் கடந்து செல்லும் ஓர் ஊரில் பார்ப்பதற்காக இறங்குவோர் மிகச் சிலரே என்பது வியப்பூட்டும் முரண்.

அவ்வாறு இறங்குபவர் முதலில் காண வேண்டியது ஆற்றை. ஆந்திரத்தின் கார்வேட்டிநகர மலைப்பகுதியில் தோன்றும் ஆரணி ஆறு, பிச்சாட்டூர் அணையில் தேக்கப்பட்டு, எஞ்சிய நீருடன் சுருட்டப்பள்ளி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி ஆகிய ஊர்களைத் தொட்டு, பழவேற்காட்டை ஒட்டிக் கடலைச் சேர்கிறது. இது பருவகால ஆறு, அதாவது வடகிழக்குப் பருவமழையின்போது மட்டுமே பெருகி ஓடி, ஆண்டின் பிற மாதங்களில் மணற்பரப்பாகக் கிடக்கும் ஆறு. லுவாரைப் போல ஆண்டு முழுவதும் நீர் நிறைந்திருக்கும் ஓர் ஆற்றை எதிர்பார்த்து மாசியிலோ பங்குனியிலோ வருபவர், கரையில் நின்று ஆறு எங்கே என்று தேடக்கூடும். ஆனால் மணலுக்கு அடியில் தங்கும் நீரே இந்த ஆற்றின் உண்மையான செல்வம். ஆரணி, கொசஸ்தலை ஆகிய இரு ஆறுகளின் படுகையில் அமைந்த கிணற்றுப் புலங்கள், அதாவது ஓரிடத்தில் தொகுதியாக அமைத்த ஆழ்துளைக் கிணறுகள், சென்னை மாநகரின் குடிநீர்த் தேவைக்குப் பல பத்தாண்டுகளாகத் துணைநின்று வருகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஓட்டத்தைக் கொண்டு மட்டும் ஓர் ஆற்றை மதிப்பிடும் பழக்கம் இங்கே பயன்படாது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிலைமை தலைகீழாக மாறுகிறது. ஏறத்தாழ 1.85 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) கொள்ளளவு கொண்ட பிச்சாட்டூர் அணை நிரம்பி உபரிநீர் திறந்துவிடப்படும்போது, ஊத்துக்கோட்டையிலிருந்து திருவள்ளூர் செல்லும் சாலையில் இருந்த தரைப்பாலம், அதாவது ஆற்றுப் படுகையை ஒட்டித் தாழ்வாகக் கட்டப்பட்ட பாலம், மூழ்கிவிடுவதும் போக்குவரத்து நின்று மக்கள் பல கிலோமீட்டர் சுற்றிச் செல்வதும் நெடுங்காலம் வழக்கமாக இருந்தன. பின்னர் உயர்மட்டப் பாலம் ஒன்று எழுந்ததால் அந்தத் துன்பம் குறைந்தது; ஆனால் வெள்ளத்தை அளந்து காட்டிய ஒரே அடையாளமும் அதனுடன் பயனற்றுப்போயிற்று. லுவார் ஆற்றங்கரை ஊர்களில் 1846, 1856, 1866 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்கள் எந்த உயரம் வரை எழுந்தன என்பதைக் கரையோரச் சுவர்களில் கோடிட்டு ஆண்டைப் பொறித்து வைத்துள்ளனர். அந்தக் கோடுகளைப் பார்க்கும் பயணி, அமைதியாக ஓடும் ஆற்றின் மறுமுகத்தை ஒரே நொடியில் அறிந்துகொள்கிறார். ஊத்துக்கோட்டையில் அத்தகைய நினைவு முதியோரின் பேச்சில் மட்டுமே வாழ்கிறது. புதிய பாலத்தில் விரைந்து செல்லும் வாகனத்தில் இருப்பவருக்கு அது எட்டுவதில்லை.

ஆற்றை ஒட்டி மேற்கே சில கிலோமீட்டருக்குள், ஆந்திர எல்லைக்குள் அமைந்திருக்கிறது சுருட்டப்பள்ளி பள்ளிகொண்டீஸ்வரர் கோயில். சிவபெருமானை இலிங்க வடிவிலோ நடராசராகவோ காண்பதே தமிழகத்தின் பொது வழக்கமாக இருக்க, இங்கே அவர் அம்பிகையின் மடியில் தலைவைத்துப் படுத்த கோலத்தில் காட்சி தருகிறார். பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த ஆலகால நஞ்சை உண்ட இறைவன் கயிலைக்குத் திரும்பும் வழியில் களைப்புற்று இவ்விடத்தில் சற்று இளைப்பாறினார் என்பது தலபுராணம், அதாவது ஒரு கோயில் தோன்றிய கதையைக் கூறும் மரபு நூல் அல்லது வாய்மொழி. நஞ்சுண்ட கதையுடன் தொடர்புடையது என்பதால் பிரதோஷ நாட்களில் இங்கே கூட்டம் மிகுகிறது. தமிழ்நாட்டின் பல தலங்களில் இறைவன் நிலையாகக் கோயில்கொண்ட காரணம் கூறப்படும். இங்கேயோ, வேறெங்கோ செல்லும் வழியில் தங்கியதே தலத்தின் பெருமையாயிற்று. போகும் வழியில் ஓரிடத்தில் நின்று இளைப்பாறுவது வழிபாட்டுக்குரிய செயலாகக் கொள்ளப்படும் இந்தப் பகுதியையே நிற்காமல் கடந்துபோகும் இடமாக இன்றைய பயணிகள் ஆக்கிவிட்டனர்.

கோயிலுக்கும் ஊருக்கும் நடுவே ஓடும் மாநில எல்லையும் ஒரு வரலாற்றைச் சுமந்து நிற்கிறது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின், ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, நடுவராக அமர்த்தப்பட்ட எச்.வி.படாஸ்கரின் பரிந்துரையை ஒட்டி 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறியது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்துடன் சேர, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களைச் சேர்ந்த சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. கோடு வரைந்தவர்கள் பெரும்பான்மை மொழியை அளவுகோலாகக் கொண்டனர். கடைவீதியின் பேச்சோ அந்த அளவுகோலுக்குள் அடங்கவில்லை. ஒரே வணிகர் ஒருவரிடம் தமிழிலும் அடுத்தவரிடம் தெலுங்கிலும் விலை கூறுவதும், எல்லைக்கு இருபுறமும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும், அப்பால் விளைந்த காய்கறி இப்பால் விற்கப்படுவதும் இவ்வூரில் எவருக்கும் வியப்பைத் தருவதில்லை.

இதே எல்லையில்தான் ஊத்துக்கோட்டையின் இரண்டாவது நீர் நுழைகிறது. 1976-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் கிருஷ்ணா நதியில் தத்தம் பங்கிலிருந்து ஆண்டுக்கு 5 டி.எம்.சி. வீதம் சென்னையின் குடிநீருக்கு விட்டுக்கொடுக்க இசைந்தன.  ஒரு டி.எம்.சி.யை லிட்டரில் கூறினால் அது ஏறத்தாழ 2,830 கோடி லிட்டராகும். 1983-இல் எம்.ஜி.ராமச்சந்திரன், என்.டி.ராமராவ் ஆகியோர் முதலமைச்சர்களாக இருந்தபோது தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் இடையே உருவான உடன்பாட்டின்படி, வழியில் ஏற்படும் இழப்பு போக 12 டி.எம்.சி. நீர் எல்லையில் தரப்பட வேண்டும். நெல்லூர்ப் பகுதியின் கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் ஓடிவரும் கால்வாய், ஊத்துக்கோட்டையை அடுத்த தாமரைக்குப்பத்தில் தமிழ்நாட்டைத் தொடுகிறது. அந்த இடத்தை ‘ஜீரோ பாயிண்ட்’ என்றே மக்களும் அதிகாரிகளும் அழைக்கின்றனர். அங்கிருந்து அது ஆரணி ஆற்றைக் குறுக்கே கடந்து, இன்னும் 25 கிலோமீட்டர் சென்று பூண்டி நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. 1996-இல் முதன்முறை நீர் வந்தது. பின்னர்க் கரைகள் சரிந்து நீர் வீணானதால் சத்ய சாயி பாபாவின் அறக்கட்டளை கால்வாயைச் செப்பனிட்டுத் தர, 2004 முதல் அது ‘சாய் கங்கை’ என்றும் வழங்கப்படலாயிற்று. ஒவ்வோர் ஆண்டும் நீர் எல்லையை எட்டும் நாளில் அதிகாரிகள் மலர்தூவி வரவேற்பது வழக்கம்.

ஆறும் கால்வாயும் குறுக்கிடும் இந்த நிலப்பரப்பே ஊத்துக்கோட்டைக்கு வருபவரின் சிந்தனைக்கு மிகுந்த இடம் தருவது. ஆறு மழையைப் பொறுத்து வருகிறது. கால்வாய் கடிதப் போக்குவரத்தையும் இரு அரசுகளின் நல்லுறவையும் பொறுத்து வருகிறது. ஆற்றின் நீர் மேலே பிச்சாட்டூரில் ஆந்திர அரசின் மதகுகளால் ஆளப்படுகிறது. கால்வாயின் நீரோ கீழே சென்னைக்கு உரியது. இரண்டு நீர்களும் கண்முன்னே ஓட, இரண்டின் திறவுகோலும் வேறெங்கோ இருக்க வாழும் ஊர் இது. கால்வாயின் கரையில் வாழும் உழவர் அந்த நீரை வயலுக்கு இறைத்தால் அது திருட்டாகக் கருதப்படும் என்பதையும், அதே நீர் பல மைல்களுக்கு அப்பால் மாநகரின் வாகனங்களைக் கழுவவும் பயன்படலாம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும்போது, ஆற்றங்கரை ஊரின் அழகு என்ற பேச்சு அங்கே ஒரு கணக்குக் கேள்வியாக மாறுகிறது. பிரான்சின் ஆற்றங்கரைச் சிற்றூர் பயணிக்கு ஓய்வைத் தருகிறதென்றால், ஊத்துக்கோட்டை தன்னிடம் வருபவருக்கு ஒரு பொறுப்பைத் தருகிறது எனலாம்.

கால்வாயின் போக்கிலேயே தெற்கே சென்றால், பூண்டிக்கு அருகில் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர் தம் துறைத் தோழர் வில்லியம் கிங்குடன் இங்கே பழங்கற்காலக் கருவிகளைக் கண்டறிந்தார். அண்மைக் காலத்தில் சாந்தி பப்பு தலைமையில் நடந்த அகழாய்வு, இங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளிப்படுத்தியது. கைக்கோடரி என்பது இருபுறமும் செதுக்கிக் கையால் பற்றிப் பயன்படுத்திய கூரிய கற்கருவி. இவ்வகைக் கருவி மரபை அறிஞர் ‘அச்சூலியன்’ என்று அழைக்கின்றனர். அப்பெயர் பிரான்சில் சோம் ஆற்றங்கரையில் அமியென் நகரை ஒட்டியுள்ள சேன்-அசூல் என்ற இடத்திலிருந்து வந்தது, ஏனெனில் அங்கேதான் இத்தகைய கருவிகள் முதலில் முறைப்படி ஆராயப்பட்டன. காலத்தால் மிக மூத்த அத்திரம்பாக்கத்தின் கருவிகள் இளைய ஊரொன்றின் பெயரைச் சுமந்து நிற்பது, எந்த ஊர் முதலில் பார்க்கப்பட்டு எழுதப்பட்டதோ அதுவே உலகின் அளவுகோலாகிறது என்ற உண்மைக்குச் சான்று.

அந்த அளவுகோல்களில் ஒன்றை உருவாக்கிய நிறுவனமும் ஊத்துக்கோட்டைக்குக் கிழக்கே வந்து அமர்ந்திருக்கிறது. கிளெர்மோன்-ஃபெரான் நகரில் 1889-இல் தொடங்கப்பட்ட மிஷலின் டயர் நிறுவனம், மக்கள் மிகுதியாக வாகனம் ஓட்டினால் டயர் மிகுதியாகத் தேயும் என்ற வணிகக் கணக்குடன் 1900-இல் வெளியிட்ட பயண வழிகாட்டி நூலே, பிரெஞ்சு நாட்டுப்புறத்தை நகரவாசிகளுக்குத் திறந்துவிட்டது. அதன் பிற்கால நூல்கள் இடங்களை மூன்று தரங்களாகப் பிரித்தன: வழியில் இருந்தால் பார்க்கலாம், வழிவிலகியும் செல்லலாம், அதற்காகவே பயணம் செய்யலாம். அதே நிறுவனம் 2009-இல் தமிழ்நாடு அரசுடன் உடன்பாடு செய்து, கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய்கண்டிகையில் சிப்காட் தொழிற்பூங்காவில் ஆலை அமைத்தது. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் நம்பியிருந்த நிலம் தொழிற்பூங்காவுக்குப் போவதை எதிர்த்து ஊர்மக்கள் போராடினர். 2012-இல் அவர்கள் தரப்பின் முறையீடு நிறுவனங்கள் மீதான முறையீடுகளை ஏற்கும் பிரான்ஸ் அரசின் தேசியத் தொடர்பு அமைப்பு வரை சென்றது. ஊர்களைப் பார்க்கக் கற்றுத்தந்த நிறுவனம் என்பதால் மட்டும் அதன் வருகை இங்குள்ள ஊர்களின் பார்வையில் இனிதாக அமைந்துவிடவில்லை. அதே வட்டாரத்தில், கண்டலேறு கால்வாயின் நீரைத் தேக்குவதற்காகக் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து அமைத்த 0.5 டி.எம்.சி. நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. நிலம் ஆலைக்கும் ஏரி மாநகருக்கும் பயன்பட, இந்த வட்டாரம் தன்னைக் கடந்துசெல்லும் சாலைக்கு மேலும் ஒரு காரணத்தைச் சேர்த்துக்கொண்டது.

ஊத்துக்கோட்டையைப் பிரெஞ்சுச் சிற்றூரின் சாயலில் அழகுபடுத்த வேண்டும் என்று இவற்றிலிருந்து முடிவுகட்டத் தேவையில்லை. பூச்செடித் தொட்டிகளும் வண்ணச் சுவர்களும் இவ்வூர் கூற வேண்டியதைக் கூறமாட்டா. உயர்மட்டப் பாலத்தின் தூண்களில் வெள்ள அளவையும் ஆண்டையும் பொறிப்பது, ஜீரோ பாயிண்டில் நீர் எங்கிருந்து எவ்வளவு தொலைவு வந்து எங்கே செல்கிறது என்பதைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதிவைப்பது, சுருட்டப்பள்ளிக் கோயில், ஆரணி ஆறு, கால்வாய், அத்திரம்பாக்கம், பூண்டியிலுள்ள பழங்கற்கால அருங்காட்சியகம் ஆகியவற்றை ஒரே நாள் பயணமாக இணைத்துச் சென்னைப் பள்ளி மாணவர்களை அழைத்துவருவது ஆகிய சிறு முயற்சிகளே போதுமானவை. குழாயைத் திறந்தவுடன் நீர் வரும் வீட்டில் வளரும் ஒரு மாணவர், தம் வீட்டு நீருக்காக மூன்று மாநிலங்கள் ஒப்பமிட்டதையும் ஒரு சிற்றூர் தன் வாசலில் ஓடும் நீரைத் தொடாமல் அனுப்பிவைப்பதையும் நேரில் அறிந்துகொள்வாராயின், அந்தப் பயணம் சுற்றுலா என்ற பெயரைக் கடந்து குடிமைக் கல்வியாக நிற்கும்.