குறியின் உயரம்



மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒருவன் துப்பாக்கியைப் பற்றி எழுதுவது வாசகர்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கே அது வியப்புதான். ஆனால் சென்ற கோடையில், திருச்சுழிச் சாலையில் வற்றிக் கிடந்த ஒரு கண்மாய்க்குள் நான் கற்றுக்கொண்ட பாடம், இருபது ஆண்டுகளாக நான் கற்பித்து வந்த முறையையே கேள்விக்குள்ளாக்கியது. அதனைப் பகிர்ந்துகொள்வது கடமை என்று கருதுகிறேன்.

என் மூத்த மகன் கல்லூரியில் என்.சி.சி. மாணவன். முகாமில் .22 துப்பாக்கியால் சுட்டுப் பழகியதிலிருந்து அவனுக்கு அதில் ஆர்வம் பிறந்தது. விடுமுறைகளில் துணிக்கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கினான். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு போடும், 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலுடைய அவ்வகைத் துப்பாக்கிக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. அதனைச் சட்டப்படியே, ரசீதுடன் வாங்கியிருந்தான்.

சட்டம் வேறு, தாயின் மனம் வேறு. துப்பாக்கியைத் தோளில் வைத்து எடுத்த படத்தை அவன் தன் கைபேசி ஸ்டேட்டஸில் வைத்த அன்று மாலைக்குள் நான்கு உறவினர்கள் அழைத்துவிட்டார்கள். யாரும் அவனைக் குறை கூறவில்லை. ஆனால் எல்லோரும் ஒன்றையே வேறு வேறு சொற்களில் சொன்னார்கள்: நம் பிள்ளைகளின் கையில் இப்படி ஒரு பொருள் இருக்கும் படத்தை உலகம் எப்படிப் பார்க்கும் என்று உனக்குத் தெரியாதா? என் மனைவி அன்றிரவு சாப்பிடவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள் என்றாள்.

மகன் தன் தாயின் அருகில் அமர்ந்து, கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவுக்காக ஒலிம்பிக் களம் கண்டதைச் சொன்னான். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவின் முதல் தங்கத்தை வென்று தந்ததும் இதே விளையாட்டில்தான் என்றான். அவள் கேட்டுக்கொண்டாள், அச்சம் நீங்கவில்லை. முடிவில் நான் மூன்று நிபந்தனைகள் விதித்தேன். படம் எடுக்கக் கூடாது. நான் உடன் இல்லாமல் சுடக் கூடாது. உயிருள்ள எதன் மீதும் குறி வைக்கக் கூடாது. அவன் படத்தை நீக்கிவிட்டு மூன்றையும் ஏற்றுக்கொண்டான்.

கண்மாயில் நடந்தது

கரிசல் பூமியில் கோடைக் கண்மாய் எப்படியிருக்கும் என்பது நம் பகுதி வாசகர்களுக்குத் தெரியும். தரை பாளம் பாளமாக வெடித்திருக்கும். சுற்றிலும் சீமைக் கருவேலம். ஆனால் குண்டு கடந்து போகாதபடி தடுக்க, கரையைவிட நல்ல மண்சுவர் கிடையாது. அஸ்ருக்கு முன் நாங்கள் அங்கே போவோம். கரையோரம் யாரும் இல்லை என்று நடந்து பார்த்துவிட்டு, பத்து மீட்டரில் அட்டையை நட்டு வைப்பான்.

துப்பாக்கியோடு வந்த இரும்புக் குறியில் அவன் ஓரளவு நன்றாகவே சுட்டான். பிறகு இணையத்தில் ரெட் டாட் என்னும் சிவப்புப் புள்ளிக் கருவி ஒன்றை வாங்கி மேலே பொருத்தினான். அன்றிலிருந்து குண்டுகள் சிதறின. ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று அட்டைக்கே வெளியே. திருகாணிகளைத் திருப்பிப் பார்த்தான், பயனில்லை. மூன்று வாரங்கள் இப்படியே போயின.

இந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன். எனக்குத் துப்பாக்கி தெரியாது, உபதேசம் தெரியும். உன் உள்ளம் ஒருமுகப்படவில்லை, கைபேசியில் மூழ்கிக் கிடக்கிறாய், தொழுகையிலும் இப்படித்தான் நிற்கிறாய் என்றேன். உஹது மலையடிவாரத்தில் அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) அவர்களின் தலைமையில் குன்றின் மேல் நிறுத்தப்பட்ட ஐம்பது வில்வீரர்களில் பெரும்பாலோர், வெற்றி கிட்டிவிட்டதென எண்ணி இடத்தைவிட்டு இறங்கியதால் நேர்ந்த இழப்பை எடுத்துச் சொன்னேன். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அத்தா, நான் கவனமாகத்தான் பார்க்கிறேன். புள்ளிதான் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் இருக்கிறது."

அதை நான் சாக்கு என்றே நினைத்தேன்.

சுபேதார் சொன்ன விளக்கம்

பக்கத்து ஊரில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். ஆடு மேய்த்துக்கொண்டு அவ்வழியே வந்தவர், சிறிது நேரம் நின்று பார்த்தார். பிறகு அருகில் வந்து, "பாய், பையன்மேல் தப்பில்லை. கருவி உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது" என்றார்.

மகனைத் துப்பாக்கியைத் தோளில் வைக்கச் சொன்னார், குண்டு போடாமல். கண்களை மூடு என்றார். கன்னத்தை வழக்கம்போல் கட்டையில் சாய்த்து வை என்றார். இப்போது கண்ணைத் திற, புள்ளி தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை. கருவியின் அடிப்பகுதிதான் தெரிந்தது. புள்ளியைக் காண அவன் கழுத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது. நிமிர்த்தியதும் கன்னம் கட்டையைவிட்டு எழுந்து, தாடை மட்டும் தொட்டு நின்றது. "தலை அந்தரத்தில் நிற்கிறது. அந்தரத்தில் நிற்பது ஒரே இடத்தில் நிற்காது" என்றார் அவர்.

பின்னர் மண்ணில் குச்சியால் வரைந்து விளக்கினார். நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்.

சிவப்புப் புள்ளிக் கருவி லேசர் அன்று. அதிலிருந்து ஒளி எதுவும் இலக்கை நோக்கிப் பாய்வதில்லை. உள்ளே இருக்கும் சிறு விளக்கின் ஒளி, பூச்சுப் பூசிய வளைந்த கண்ணாடியில் பட்டு, சுடுபவரின் கண்ணுக்கே திரும்புகிறது. அதனால் கண் எங்கே நிற்கிறது என்பது முக்கியமாகிறது. நெடுந்தொலைவில் கண் சற்று விலகினாலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பத்து மீட்டர் போன்ற குறுந்தொலைவில், அதிலும் விலை மலிந்த கருவியில், கண் கண்ணாடியின் நடுவைவிட்டு விலகினால் புள்ளி இலக்கின் மீது நகர்ந்துவிடும். சுவர்க் கடிகாரத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முள் வேறு நிமிடம் காட்டுவதைப் போன்றது இது. பள்ளிப் பாடநூலில் இடமாறு தோற்றப் பிழை என்று படித்திருப்போம். என் மகன் சொன்னது சாக்கு அன்று. அவன் கண்டதை அப்படியே சொல்லியிருக்கிறான்.

அடுத்தது, குழலுக்கும் பார்வைக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி. நாம் மேலிருந்து பார்க்கிறோம். குண்டு கீழிருந்து புறப்படுகிறது. இரண்டு கோடுகளும் நாம் சரிசெய்து வைத்த தொலைவில்தான் சந்திக்கும். மகன் பொருத்தியிருந்த கருவியின் கண்ணாடி நடுவிலிருந்து குழலின் நடு வரை அளந்தோம். ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர். பத்து மீட்டரில் சரியாகப் படும்படி வைத்தால், ஐந்து மீட்டரில் குண்டு குறிக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே படும். அதே கருவியை நான்கு சென்டிமீட்டருக்கு இறக்கினால் அந்த வேறுபாடு பாதியாகிவிடும்.

இவ்வளவு உயரம் எப்படி வந்தது? அவனுடைய துப்பாக்கியின் மேற்புறப் பள்ளம் 11 மில்லிமீட்டர் அகலம். கருவியின் பிடி 20 மில்லிமீட்டர் அளவுத் தண்டவாளத்திற்கானது. இரண்டையும் இணைக்க ஒரு துண்டு வாங்கினான். அதன்மேல் பெட்டியோடு வந்த உயர்த்தும் கட்டையையும் வைத்தான். அந்த உயரம் அயல்நாட்டு இராணுவ வகைத் துப்பாக்கிகளுக்கு ஏற்றது. அவற்றில் தோளில் ஊன்றும் பகுதி குழலுக்கு நேர் பின்னால் இருக்கும். கண் இயல்பாகவே உயரத்தில் நிற்கும். மகனுடைய துப்பாக்கியின் மரக்கட்டையோ குழலைவிடத் தாழ்ந்து வளைந்து செல்வது. ஒன்றுக்குச் சரியான உயரம் இன்னொன்றுக்குப் பிழை.

உயர்த்தும் கட்டையைக் கழற்றினோம். மதுரையில் 11 மில்லிமீட்டர் பள்ளத்தில் நேராக அமரும் தாழ்வான பிடி ஒன்று கிடைத்தது. கண்ணை மூடித் திறந்து பார்த்தான். புள்ளி கண்ணாடியின் நடுவில் நின்றது. திருகாணிகளை இறுக்கி, மீண்டும் பத்து மீட்டருக்குச் சரிசெய்தான். அன்று சுட்ட ஐந்தில் நான்கு குண்டுகளை ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிட முடிந்தது.

ஒலிம்பிக் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் இந்தச் சிவப்புப் புள்ளிக்கு அனுமதியில்லை; அங்கே சிறு துளை வழியாகப் பார்க்கும் குறிதான். அட்டையின் பத்தாம் வளையம் வெறும் அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. ஆயினும் அங்கும் வீரரின் கன்னத்துக்கும் கண்ணுக்கும் ஏற்பக் கட்டையையும் குறியையும் உயர்த்தித் தாழ்த்தி அமைக்கிறார்கள். யாரும் வீரரின் கழுத்தை நீட்டச் சொல்வதில்லை.

அன்று அஸ்ருக்குப் பின்

அங்கேயே துண்டு விரித்து அஸ்ர் தொழுதோம். அருப்புக்கோட்டைப் பகுதியிலிருந்து கிப்லா நேர் மேற்கு அன்று. மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 22 பாகை. மகன் கைபேசியில் பார்த்துத் துண்டைத் திருப்பினான். குறி ஒரு பாகை தவறினால் பத்து மீட்டரில் பதினேழு சென்டிமீட்டர் விலகிவிடும் என்று கணக்குச் சொன்னான். மக்காவோ 4,000 கிலோமீட்டருக்கு அப்பால். நாம் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் தொலைவில் இருப்பவர் கிப்லாவின் திசையை முன்னோக்கினால் போதும் என்பதை அவனுக்கு விளக்கினேன். அடியானின் இயலாமையை அறிந்தவன் இட்ட சட்டம் அது.

எய்யும் கலை நம் மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. வலிமையைத் திரட்டிக்கொள்ளுமாறு கூறும் அன்ஃபால் அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தை மிம்பரில் ஓதிய நபி (ஸல்) அவர்கள், அவ்வலிமை என்பது எய்தலே என மும்முறை விளக்கியதாக உக்பா பின் ஆமிர் (ரலி) அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆனால் அதே நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்குள் அம்புடன் செல்பவர் பிறருக்குக் காயம் ஏற்படாதவாறு அதன் முனையைப் பிடித்துக்கொள்ளப் பணித்தார்கள். உடன்பிறந்தவனை நோக்கியேனும் ஆயுதத்தை நீட்டக் கூடாது என்று கடுமையாக எச்சரித்தார்கள். திறனைக் கற்பது ஒரு பாதி. அடக்கத்தைக் கற்பது மறு பாதி.

அந்த மறு பாதிக்கும் சோதனை வந்தது. என் மைத்துனர் நிலக்கடலை போட்டிருந்தார். மயில்கள் கூட்டமாக இறங்கிக் கிளறுகின்றன. பையனை அனுப்புங்கள், இரண்டைச் சாய்த்தால் மற்றவை வராது என்றார். அவருடைய நட்டம் பொய்யன்று. மானாவாரி விவசாயிக்கு ஒவ்வொரு செடியும் கணக்கு. ஆனால் மயில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள பறவை, கொன்றால் சிறை. நான் பதில் சொல்வதற்குள் மகனே சொன்னான்: "மாமா, வேண்டுமானால் விடியற்காலையில் நான் வந்து தகரம் தட்டுகிறேன். இதைக் கொண்டு வரமாட்டேன்." பறவையைக் கட்டி வைத்து அம்பெய்த இளைஞர்களை இப்னு உமர் (ரலி) கண்டித்த செய்தியை அவனுக்கு நான் சிறு வயதில் சொல்லியிருந்தேன். அவன் மறக்கவில்லை. இரண்டு வாரங்கள் ஃபஜ்ருக்குப் பின் சைக்கிளில் போய்த் தகரம் தட்டினான். அவன் தாய் அதற்குப் பிறகு துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை.

ரிஹால்

இனி நான் சொல்ல வேண்டியது என்னைப் பற்றியது.

எங்கள் மத்ரஸாவில் ஒரு சிறுவன் குர்ஆனை எப்போதும் தலையைச் சாய்த்து, தாடையை உயர்த்தி ஓதுவான். எழுத்துகளைத் தவறவிடுவான். இரண்டு ஆண்டுகள் அவனை நான் கண்டித்தேன். நேராக உட்கார், வேதத்தின் முன் ஒழுக்கம் வேண்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறேன். கண்மாயிலிருந்து திரும்பிய மறுநாள், அவன் எதிரே தரையில் அமர்ந்து, அவனுடைய கண் இருக்கும் உயரத்திலிருந்து ரிஹாலைப் பார்த்தேன். பெரியவர்களுக்கான ரிஹால் அது. குள்ளமான அப்பிள்ளைக்குப் பக்கத்தின் மேற்பாதி மறைந்தே இருந்தது.

தச்சரிடம் சொல்லிச் சிறிய ரிஹால்கள் ஆறு செய்தோம். அவன் இப்போது நேராக அமர்ந்து ஓதுகிறான். தஜ்வீதில் இன்னும் பிழைகள் உண்டு. அவை அவனுடைய வயதுக்குரிய பிழைகள்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அது புரியவில்லை, சிரித்துவிட்டு ஓடிவிட்டான். என் மகனிடமும் கேட்டேன். அவன், "பரவாயில்லை அத்தா, நானும் உங்களிடம் சரியாகச் சொல்லத் தெரியாமல்தான் இருந்தேன்" என்றான்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, பிள்ளையின் உள்ளத்தைக் குறை கூறுமுன், அவன் எதன் வழியாகப் பார்க்கிறானோ அது அவன் கண்ணுக்கு எட்டுகிறதா என்று ஒருமுறை குனிந்து பார்ப்போம். நம் பொறுப்பில் விடப்பட்டவர்களை நீதியோடும் கனிவோடும் நடத்தும் நல்வாய்ப்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.