பழைய பேடைக் காட்டுங்கள்

பெண் கார் ஓட்டுவதை எங்கள் ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதே பெண் சக்கரத்தின் அருகே உட்கார்ந்து கேள்வி கேட்பதைத்தான் இன்னும் ஏற்கவில்லை.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சாலையில் காயும் நெல், கரும்பு டிராக்டர், குறுக்கே பாயும் ஆடு. பிரேக்கை நம்பித்தான் தினமும் வகுப்புக்குப் போகிறேன். சென்ற ஆண்டு பின்சக்கர டிஸ்க் பிரேக்குக்குப் புது பேட் மாற்றினார்கள். மறுநாளே இடது பின்சக்கரம் மட்டும் கொதித்தது. கருகல் வாசனை வேறு. பட்டறையில் கேட்டேன். "புது பேட் அப்படித்தான் இருக்கும் மேடம். வீட்ல சார் இருந்தா பேசச் சொல்லுங்க."

என் வீட்டில் சார் இல்லை. நானும் மகளும்தான்.

பதிப்புகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்ப்பது என் தொழில். கழற்றிய பழைய பேடுகளைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வலச் சக்கரத்தினுடையவை சமமாகத் தேய்ந்திருந்தன. இடச் சக்கரத்தில் உட்பக்க பேட் தகடு வரை தேய்ந்திருக்க, வெளிப்பக்க பேட் பாதி மிச்சமிருந்தது. இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா?

இந்த வகை பிரேக்கில் பிஸ்டன் உட்பக்க பேடை மட்டும்தான் தள்ளுகிறது. காலிப்பர் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் நகர்ந்துதான் வெளிப்பக்க பேடை இழுத்து அழுத்த வேண்டும். அந்தப் பின்கள் துருப்பிடித்து இறுகினால் உட்பக்கமே எல்லா வேலையையும் சுமக்கும். புது பேட் தடிமனானது. காலிப்பர் இன்னும் தள்ளி நகர வேண்டும். நகர முடியாவிட்டால் உரசிக்கொண்டே இருக்கும்.

வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் "சொல்லுங்கக்கா" என்று காது கொடுத்தார். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்துச் சக்கரத்தைச் சுற்றினோம், இறுக்கமாக இருந்தது. பிளீடர் திருகைச் சற்றுத் தளர்த்தினார். அப்போது சக்கரம் விட்டிருந்தால் ஹோஸ் அடைப்பைச் சந்தேகித்திருக்கலாம், விடவில்லை. ஹேண்ட்பிரேக் கேபிள் இழுக்கும் நெம்பு முழுதாகத் திரும்பியது. காலிப்பரைக் கழற்றினால், கீழ்ப்பின்னின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே செம்மண் நிறத்தில் துரு.

பின்னைச் சுத்தம் செய்து, புது உறை போட்டு, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் தடவினார். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். பிஸ்டனைக் கிளாம்ப் போட்டு அழுத்தவில்லை. திருகித்தான் உள்ளே அனுப்பினார். ஹேண்ட்பிரேக் அமைப்பு பிஸ்டனுக்குள்ளேயே இருக்கும் காலிப்பரில் அழுத்தினால் உட்திருகு கெட்டுவிடும். பிஸ்டன் முகத்திலுள்ள பள்ளத்தில் பேடின் முளை சரியாக உட்கார வேண்டும். வண்டியை எடுக்கும் முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்கினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் மறைக்கவில்லை.

இது ஆண்களின் அறிவு என்று யார் சொன்னது? 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் காரில் போனார். வழியில் பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அறையச் சொன்னார். பிரேக் லைனிங்கின் தொடக்கம் அது என்பார்கள்.

எங்கள் ஊர்க் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மீண்டும் இடமில்லை என்கின்றன அவை. அந்தக் குடத்தில் பெண் பெயர் விழ வழியிருக்கவில்லை. ஆனால் கணக்குக் கேட்கும் அந்த முறை நமக்கும் சொந்தம்தான்.

என் மாணவிகள் பலர் இப்போது ஸ்கூட்டி ஓட்டுகிறார்கள். நாளை கார் வாங்குவார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கூலி கொடுக்கும்முன் பழைய பேடைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். "சாரைக் கூப்பிடுங்க" என்றால், "வண்டி என் பேர்ல இருக்கு, எனக்குச் சொல்லுங்க" என்று நில்லுங்கள்.