வெண்துப்பட்டி

இராயபுரத்து வீட்டில் பழைய தகரப் பெட்டியொன்று உண்டு. அதனுள் எம் தாயார் மர்ஹூமா அவர்களின் வெண்துப்பட்டி மடித்த மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. மெல்லிய மல் துணி. அந்நாளில் அதைத் துவைத்து மொட்டை மாடிக் கொடியில் போட்டால், துறைமுகப் பக்கமிருந்து வீசும் காற்றில் கப்பற்பாயைப் போலப் புடைத்துக்கொண்டு நிற்கும்.

ஆடை வடிவமைப்பு பயிலும் எம் பேத்தி, சென்ற மாதம் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். "நன்னா, இது நம்ம வீட்டுத் துப்பட்டித் துணி மாதிரி இல்லே?" என்று வினவினாள். படத்தில் இருந்தவள் மரீ தாக்லியோனி. 1832-இல் பாரிஸ் ஆப்பெரா அரங்கில் 'லா சில்ஃபீத்' என்னும் பாலே நடனத்தில் காற்றுத் தேவதையாகத் தோன்றியவள். இறுக்கமான மேற்சட்டை, அதன் கீழே மெல்லிய வெள்ளைத் துணி அடுக்கடுக்காக மணி போல் விரிந்து கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் பாவாடை, முதுகில் இரு சிறு சிறகுகள். காஸ் விளக்கின் ஒளியில் அந்த வெண்மை புகைபோல் மிதந்ததாம். அன்றுமுதல் பாலே மேடையில் வெள்ளையே ஆட்சி செய்யத் தொடங்கிற்று. 1841-இல் அரங்கேறிய 'ஜிசேல்' நடனத்தின் இரண்டாம் பகுதியில், மணமாகுமுன் மாண்ட கன்னியரின் ஆவிகள் வெண்ணாடை பூண்டு நள்ளிரவில் ஆடும். அந்தப் பேய்களைக் காணப் பாரிஸ் நகரத்துச் சீமான்கள் காசு கொடுத்துக் காத்திருந்தனர்.

நடனத்தைப் பற்றி இப்பத்திரிகையில் எழுதுவதா என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் பொறுத்தருள்க. நாம் பேச வந்தது ஆட்டத்தை அன்று, ஆடையையும் அதைப் பார்க்கும் கண்ணையும்.

மஸ்லின் என்ற பெயரே ஈராக்கின் மோசுல் நகரத்துப் பெயரிலிருந்து வந்தது என்பர். ஆயினும் ஐரோப்பாவை மயக்கிய மென்துணி வங்கத்துத் தறிகளிலிருந்து சென்றது. எம் பகுதிக்கும் துணி வாணிபத்தில் பங்கு உண்டு. திருவொற்றியூரை ஒட்டிய காலாடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளருக்காக அமைத்த பேட்டை. காலெட் பேட்டைதான் மக்கள் நாவில் காலாடியாகத் திரிந்தது. கும்பினி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. தாக்லியோனி மேடையேறிய காலத்திலோ, ஐரோப்பிய இயந்திரங்கள் அத்தகைய துணியை மலிவாக உற்பத்தி செய்து நம் நாட்டுக்கே அனுப்பத் தொடங்கிவிட்டன. அதைச் சொன்னபோது பேத்தி, "அப்போ நம்ம தறிக்காரங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டாள். அது தனிக் கட்டுரைக்கு உரிய துயரம்.

தாக்லியோனி 1830-இலேயே 'தேவனும் தேவதாசியும்' என்ற பொருள்படும் இசைநாடகத்தில் இந்தியத் தாசியாக ஆடியிருந்தாள். இந்தியாவைக் காணாதவர்களின் கற்பனையில் பிறந்த தாசி அவள். எட்டாண்டு கழித்து உண்மையானவர்களே சென்றனர். கடலூரை அடுத்த திருவந்திபுரத்துக் கோயிலைச் சேர்ந்த தாசியர் ஐவர், இசைக்கலைஞர் மூவருடன், தார்திவேல் என்னும் பிரெஞ்சுக்காரரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1838-இல் கடல் கடந்தனர். தில்லம்மாள் மூத்தவர், அம்மணிக்குப் பதினெட்டு வயது, கடைசிப் பெண் ஆறு வயதுக் குழந்தை. அந்தக் குழந்தையை எண்ணும்போதெல்லாம் நமக்கு மனம் கனக்கிறது. அலை புரளும் கடலில் படகேறிக் கப்பலை அடைந்து, வாரக்கணக்கில் தண்ணீரையே பார்த்துச் சென்றிருப்பாள்.

பாரிஸில் மன்னர் லூயி பிலிப்பின் அரண்மனையிலும், வாரியத்தே அரங்கிலும் ஆடினர். பின்னர் இலண்டனில் அடெல்ஃபி அரங்கில் ஆடினர். தியோபில் கோத்தியே என்னும் எழுத்தாளர் அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கே சென்று பார்த்து, அம்மணியின் நிறத்தையும் உடையையும் நகையையும் அங்குலம் அங்குலமாக வருணித்தார். புளோரன்சு நகரத்து வெண்கலத்துக்கு அவர்கள் மேனியை ஒப்பிட்டார். பார் என்ற சிற்பி அம்மணியை உண்மையாகவே வெண்கலத்தில் வார்த்துவிட்டார். மூன்றாண்டுக்குப் பின் 'ஜிசேல்' கதையை எழுதியவர்களுள் ஒருவரும் இதே கோத்தியேதான். குறுக்குக் கோடு போட்ட துணிக்கு 'பயதேர்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் இந்திய ஆடல்மகளைக் குறிக்கும் சொல் அது. இவ்வாறு அவர்கள் துணிக்கடையிலும் ஒரு பெயராக மிஞ்சினர். இத்தனை பேர் இத்தனை பக்கங்கள் எழுதினார்களே, அம்மணி அவர்களைப் பார்த்து என்ன நினைத்தாள் என்று எழுதி வைத்தவர் யார்?

இதைப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டு வந்தபோது நம் நா தடுமாறிற்று.

நமக்குப் பத்து வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் ஏதோ கையொப்பத்துக்காக உம்மா வந்தார்கள். தலைமுதல் கால்வரை அந்த வெண்துப்பட்டி. வாசலில் நின்ற பையன்களில் ஒருவன், "டேய், பேய் வருதுடா!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். திரும்பும் வழியில் கல்மண்டபம் வரை உம்மாவுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தோம், யாரோ எவரோ என்பது போல. அவர்கள் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து துப்பட்டியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "பசிக்குதாப்பா?" என்று மட்டும் கேட்டார்கள். பிற்காலத்தில் எத்தனையோ பெருநாள் அவர்கள் கைபற்றி ஸலாம் சொல்லியிருக்கிறோம். அந்த ஒன்றை மட்டும் கேட்டு மன்னிப்புப் பெறவில்லை. எம் மகள் காலத்தில் கறுப்பு புர்கா வந்துவிட்டது. இன்று எம் தெருவில் வெண்துப்பட்டி அணிந்து நடப்போரைக் காண்பது அரிது.

பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து துப்பட்டியை எடுத்து விரித்தாள். ஓரத்தில் உம்மா கையால் தைத்த ஒட்டு ஒன்று இருந்தது. அத்தனை பொடித் தையலை இதுவரை நாம் கவனித்ததே இல்லை. அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மாடிக்கு எடுத்துச் சென்று, காற்றாட இருக்கட்டும் என்று கொடியில் போட்டாள்.