குரல் பழகிய பின்

என் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னதன் பேரில், சென்ற மாதம் பழைய இதழ்களைப் பரணிலிருந்து இறக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து வருஷங்களில் பதினான்கு கட்டுரைகள். அவற்றில் ‘தேடல்’ என்ற சொல் 43 இடங்களில் வருகிறது. எண்ணுவது என் உத்தியோகம் என்பதால் எண்ணினேன். கவிஞனின் தேடல், மொழியின் தேடல், இருப்பின் தேடல், தேடலே இலக்காகிவிட்ட தேடல். யார், எதை, யாருக்காகத் தேடுகிறார்கள் என்பதற்கு ஓரிடத்திலும் விவரம் இல்லை. வங்கியில் இப்படி ஒரு வவுச்சர் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அதே வாரத்தில் என் பெண் ஒரு கேள்வி கேட்டாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். படப் புத்தகத்தில் தனியாக நின்ற பென்குயின் குஞ்சைக் காட்டி, “அப்பா, இதோட அம்மா எங்க?” என்றாள். சாப்பாடு கொண்டுவரப் போயிருக்கிறது என்றேன். “எவ்ளோ தூரம்?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. ஆங்கில இலக்கியம் படித்தவனின் அறிவில் பென்குயின் என்பது ஒரு பதிப்பகத்தின் பெயர்தான்.

அவளுக்குப் பதில் சொல்வதற்காகப் படிக்கத் தொடங்கியபோது அட்லஸில் ஓர் இடம் கண்ணில் பட்டது. கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்கே, ஏறக்குறைய அதே தீர்க்கரேகையில், ஐயாயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போனால் ஆம்ஸ்டர்டாம் தீவு. நடுவில் கடல் தவிர வேறொன்றும் இல்லை. பிரான்சுக்குச் சொந்தமான சிறிய எரிமலைத் தீவு அது. அங்கே மஞ்சள் கொண்டை வைத்த பென்குயின்கள் இருக்கின்றன. அடர்ந்த ரோமமுடைய ஒரு வகை சீல்களும் இருக்கின்றன. தோலுக்காக மனிதர்கள் கொன்று குவித்ததில் தப்பி மிஞ்சிய சிலவற்றிலிருந்து திரும்பப் பெருகியவை இவை. கன்னியாகுமரிப் பாறையில் நின்று தெற்கே பார்க்கிறவர்களின் பார்வைக் கோட்டின் மறுமுனையில் இவை வாழ்கின்றன என்பது எனக்கு ஏனோ முக்கியமாகப் பட்டது.

அந்தப் பென்குயினில், குஞ்சு பொரித்த முதல் சில வாரங்கள் ஆண் பட்டினியோடு குஞ்சைக் காத்து நிற்க, பெண் கடலுக்குப் போய் வருகிறது. குஞ்சு சிறிதாக இருக்கும்வரை அது வெகுதூரம் போக முடியாது. தூரத்தைத் தீர்மானிப்பது கடலோ மீனோ மட்டுமில்லை. கரையில் இருக்கும் வயிறு எத்தனை நேரம் தாங்கும் என்பதும்தான்.

சீலின் கதை இன்னும் கடுமையானது. தாய் ஒருத்திதான். தகப்பன் உதவுவதில்லை. குட்டியைக் கரையில் விட்டுவிட்டு அவள் கோடையில் பத்து நாளளவும், குளிர்காலத்தில் மூன்று வாரமும் அதற்கு மேலும் கடலில் இருக்கிறாள். உடம்பில் ஒளிப்புள்ளிகள் கொண்ட சிறு மீன்கள் பகலில் ஆழத்தில் கிடந்து, இரவில் மேலே வருகின்றன. அவள் இரவில் மூழ்கி அவற்றைத் தின்கிறாள். திரும்பி வந்து சில நாள் பால் கொடுத்துவிட்டு மறுபடி போகிறாள். ஏறக்குறைய பத்து மாதம் இப்படி. அவள் இல்லாத நாட்களில் குட்டிக்கு ஆகாரமே கிடையாது. வேறு எந்தத் தாயும் அதற்குப் பால் தரமாட்டாள்.

திரும்பி வருகிறவள் நூற்றுக்கணக்கான குட்டிகளுக்கு நடுவே தன்னுடையதை எப்படிக் கண்டுபிடிக்கிறாள்? குரலால். இசபெல் ஷாரியேயும் அவருடைய சகாக்கள் இருவரும் இந்தத் தீவில் ஆராய்ந்து 2001இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பிறந்த இரண்டிலிருந்து ஐந்து நாட்களுக்குள் குட்டி தாயின் குரலைக் கற்றுக்கொள்கிறது. அது கற்றுக்கொள்ளும்வரை தாய் கரையை விட்டுப் போவதில்லை. 2003இல் இன்னொன்றும் தெரியவந்தது. வளர வளரக் குட்டியின் குரல் மாறுகிறது. தாய் புதிய குரலை அறிந்துகொள்வதோடு, பழைய குரல்களையும் மறக்காமல் வைத்திருக்கிறாள்.

இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தேன். காரணம் சொந்த விஷயம். என் பெண் பிறந்தபோது நான் நாகப்பட்டினத்தில் ஒரு கிளையில் நகைக்கடன் பிரிவில் இருந்தேன். விசைப்படகுகள் நாள்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்கும் ஊர். கணவன் கடலுக்குப் போனபின் வளையலோடு வரும் பெண்கள், திருப்பும் தேதியைப் படகு வரும் தேதியோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் கூட்டம் கவுண்டர் கொள்ளாது. கடலுக்குள் நடப்பது எனக்குத் தெரியாது. கரையில் பசி எப்படிக் காலண்டர் பார்க்கிறது என்பதை மட்டும் பேரேட்டில் பார்த்தேன். பார்த்தேனே தவிர, அதற்கும் நான் இரவில் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ‘தேடலு’க்கும் சம்பந்தம் உண்டு என்று தோன்றவில்லை.

பிரசவத்துக்கு ஐந்து நாள் லீவில் வந்தேன். அதில் மூன்று நாட்கள் ஒரு கட்டுரையின் புரூஃப் திருத்துவதில் போயிற்று. கட்டுரையின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருந்தது. பிறகு பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போனேன். குழந்தைக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை இரவு வந்து, பையைக்கூட இறக்காமல் தூக்கினேன். வீறிட்டு அழுதது. என் மனைவி கோபப்படவில்லை. “மொதல்ல பேசுங்க, அப்புறம் தூக்கலாம்” என்றாள். என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன். பேசத் தெரிந்ததாக நான் நம்பிக்கொண்டிருந்ததெல்லாம் அச்சில் இருந்தது.

என் அப்பாவுக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. லாரி ஓட்டினார். இங்கிருந்து மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு பம்பாய்ப் பக்கம் போனால் திரும்ப இருபது நாள் ஆகும். அவர் தன் வேலையை ‘நடை’ என்றுதான் சொல்வார்; ‘ஒரு நடை போயிட்டு வந்துடறேன்.’ பௌர்ணமியன்று வந்தால் லாரியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தவேண்டியிருக்கும். மலை சுற்றும் கூட்டத்துக்குள் புகுந்து நடந்து வருவார். தெருமுனையிலிருந்தே “சின்னவனே” என்று ஒரு சத்தம் கொடுப்பார். அத்தனை அரோகராவுக்கும் ஊதுகுழல் சத்தத்துக்கும் நடுவில், தூக்கத்திலிருந்து அது எனக்குக் கேட்டிருக்கிறது. அம்மாவுக்கு எனக்கு முன்பே கேட்டிருக்கும், உலை வைத்திருப்பாள். 14 கிலோமீட்டர் சுற்றி வருகிறவர்கள் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்வதைச் சிறுவயதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான், திரும்பாத பயணத்தை மட்டும் எப்படி இலக்கியமாக மதிக்கத் தொடங்கினேன் என்று தெரியவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். திரும்பினால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாதிக்கவில்லை. ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் ஒரு பென்குயின் வகை இருக்கிறது. முதன்முதலாகக் கடலுக்குப் போகும் இளம் பறவைகள் குளிர்ந்த நீரையும் மிதவை உயிர்கள் மிகுந்த இடத்தையும் அடையாளமாகக் கொண்டு இரை தேடுகின்றன. பல தலைமுறைகளாக அந்த அடையாளங்கள் இருந்த இடத்தில் மீன் இருந்தது. மனிதர்கள் அளவின்றிப் பிடித்ததாலும் கடல் மாறியதாலும் மீன் போய்விட்டது. அடையாளங்கள் அப்படியே இருக்கின்றன. 2017இல் வெளியான ஆய்வொன்று இதை விளக்கியது. குஞ்சுகள் சரியாகத்தான் தேடுகின்றன. அங்கே மீன் இல்லை. 2024இல் இந்தப் பறவையை அழிவின் விளிம்பில் இருப்பவற்றில் சேர்த்துவிட்டார்கள்.

இதைப் படித்தபோது நாம் எழுதுகிற கவிதைகள் நினைவுக்கு வந்தன. வெளி, மௌனம், வெறுமை, தேடல். இச்சொற்கள் இருந்த இடத்தில் ஒரு காலத்தில் மீன் இருந்தது. அன்று அவற்றை எழுதியவனுக்கு வயிற்றில் ஏதோ இறங்கியது. நாற்பது ஐம்பது வருஷங்களாக அதே குளிர்ந்த நீருக்கே போய்க்கொண்டிருக்கிறோம். நான் புதிதாக எழுத வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை. அங்கே மீன் இருப்பதாக 43 தடவை எழுதியவன் நான்.

தொகுப்பு வேண்டாம் என்று நண்பருக்குச் சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம். இப்போது மேஜையில் பதவி உயர்வுக்கான விண்ணப்பம் இருக்கிறது. அதிகாரியானால் சம்பளம் கூடும். எந்த மாநிலத்துக்கு வேண்டுமானாலும் மாற்றலாம். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். வீட்டுக்கடன் இருக்கிறது, ஆகவே போகாமலிருப்பதே உத்தமம் என்று சொல்லும் வசதி எனக்கு இல்லை. சீலும் போகத்தான் செய்கிறது.

பெண்ணின் கேள்விக்கு நேற்றுப் பதில் சொன்னேன். ரொம்ப தூரம் போகும், ஆனால் குஞ்சுக்குப் பசி தாங்கும் நேரத்துக்குள் வந்துவிடும் என்றேன். “லேட்டானா?” என்றாள். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் அவள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். விண்ணப்பத்தில் பெயர் மட்டும் எழுதியிருக்கிறேன்.