எதற்காக வந்தீர்கள்?

மார்கழி வந்துவிட்டால் மயிலாப்பூர் சபா கேன்டீன்களில் ஒரு வெள்ளைக்காரராவது வேட்டி கட்டிக்கொண்டு வாழையிலை முன்னால் உட்கார்ந்திருப்பார். பக்கத்து இலை மாமி, ரசம் பிடிக்குமா என்று இங்கிலீஷில் கேட்பார். அவர் தமிழிலேயே, 'இன்னும் கொஞ்சம் ஊத்துங்க' என்பார். மாமிக்குச் சந்தோஷம் தாங்காது. எந்த ஊர், எத்தனை வருஷமா பாட்டு கத்துக்கறீங்க, கல்யாணம் ஆயிடுச்சா என்று கேள்விகள் வரிசையாக வரும். ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்: 'எந்த விசால இருக்கீங்க?'

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே நுங்கம்பாக்கம் ஹாடோஸ் ரோட்டில், சாஸ்திரி பவன் இணைப்புக் கட்டடத்தில் ஓர் அலுவலகம் இருக்கிறது. வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகம். சுருக்கமாக எஃப்.ஆர்.ஆர்.ஓ. சென்னையில் நீண்ட நாள் தங்கும் எந்த வெளிநாட்டவருக்கும் அத்துப்படியான நான்கு எழுத்துகள் இவை. 2018-லிருந்து பெரும்பாலான வேலைகள் ஆன்லைனுக்கு மாறிவிட்டன. முன்பு போல ஒவ்வொன்றுக்கும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் கேள்வி மாறவில்லை. எதற்காக வந்தீர்கள்? படிக்கவா, வேலைக்கா, சுற்றிப் பார்க்கவா, மருத்துவத்துக்கா? ஏதாவது ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்.

பாட்டு கற்றுக்கொள்ள வந்தவர் எதைச் சொல்வார்? இங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

இ-டூரிஸ்ட் விசாவில் வந்தால் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான் நாட்டவர் அதிகபட்சம் 180 நாள் தங்கலாம். மற்ற பெரும்பாலான நாட்டவருக்கு ஒரு தடவைக்கு 90 நாள். ஐந்து வருட விசா கையில் இருக்கிறதே என்று ஐந்து வருடமும் தங்கிவிட முடியாது. அந்த ஐந்து வருடம் வந்து போவதற்கான காலம். தங்குவதற்கான கணக்கு தனி. விமானத்தில் பக்கத்து சீட்காரர் சொன்னதை நம்பிக் குழம்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். இந்த விசாவை இங்கே நீட்டித்துக்கொள்ளவும் முடியாது.

சுற்றுலா விசாவில் இசை, நடனம், சமையல், உள்ளூர் மொழி போன்றவற்றைக் குறுகிய காலம் கற்றுக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, பட்டமோ டிப்ளமோவோ தரும் படிப்பாக இருக்கக் கூடாது. கர்னாடக சங்கீதத்தை ஆறு மாதத்தில் முடிக்கிற கதையை எந்த வாத்தியாரிடமாவது சொல்லிப் பாருங்கள். சரளி வரிசை தாண்டி அலங்காரத்துக்கு வருவதற்குள் திரும்பிப் போக டிக்கெட் போட வேண்டியிருக்கும்.

அதற்கு மேல் தங்கிப் படிக்க மாணவர் விசா வேண்டும். அதற்கு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தின் சேர்க்கைக் கடிதம் வேண்டும். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் சேர்ந்தவருக்கு அது கிடைத்துவிடும். இசைப் பல்கலைக்கழகம் தரும், கல்லூரி தரும். ஆனால், லஸ் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் ஹாலில் பாய் விரித்துச் சொல்லிக்கொடுக்கும் எழுபது வயது வித்வானிடம் லெட்டர்ஹெட் ஏது? அவரிடம் இருப்பது ஒரு தம்பூராவும் சில நோட்டுப் புத்தகங்களும்தான். நம் கலைகள் நூற்றாண்டுகளாக வளர்ந்ததே அப்படிப்பட்ட வீட்டு ஹால்களில்தான். விசா விண்ணப்பத்துக்கு அந்த ஹாலைத் தெரியாது.

இந்த வழியில் வந்தவர்களில் நம் ஊர் கொண்டாடிய ஒருவர் உண்டு. ஜான் ஹிக்கின்ஸ். அமெரிக்கர். 1960-களில் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் மெட்ராஸ் வந்து தஞ்சாவூர் விஸ்வநாதனிடம் பாட்டு கற்றவர். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையில் பாடினார். 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்று ரசிகர்களே பட்டம் கொடுத்தார்கள். 1984-ல் அமெரிக்காவில் சாலை விபத்தில் இறந்துபோனார். அவருக்குப் பின்னால் ஓர் உதவித்தொகையும் ஒரு பல்கலைக்கழகமும் இருந்தன. எதற்காக வந்தீர்கள் என்ற கேள்விக்குச் சட்டைப் பையில் பதில் இருந்தது. அந்தக் காகிதம் இல்லாமல், பாட்டு மேல் ஆசை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் 180-வது நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த தடை விசா ஆபீஸில் இல்லை. நம் வீட்டு வாசலில் இருக்கிறது.

'ஃபாரினருக்கு வீடு குடுத்தா போலீஸ் வருமாமே சார்?' சென்னையில் வீடு தேடும் வெளிநாட்டவருக்குப் புரோக்கர் வழியாக வந்து சேரும் வசனம் இது. போலீஸ் வரும் என்பதில்லை. வெளிநாட்டவரைத் தங்க வைக்கிறவர், அது ஹோட்டலோ வீடோ, 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும். 'ஃபார்ம் சி' என்ற பெயரில் எல்லோருக்கும் பழகிப்போன படிவம் அது. பாஸ்போர்ட், விசா விவரம், போட்டோ, முகவரி. ஓ.டி.பி. போட்டு காஸ் புக் பண்ணத் தெரிந்த யாரும் செய்துவிடலாம். ஆனால் வீட்டுக்காரர் அதைச் செய்யவில்லை என்றால், குடியிருப்பவர் பதிவுக்கோ நீட்டிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது முகவரியிலேயே மாட்டிக்கொள்வார். 180 நாளுக்கு மேற்பட்ட நீண்ட கால விசாவில் வந்தவர் பொதுவாக 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரர் 'அடுத்த வாரம் பையன் வருவான், அவன்தான் கம்ப்யூட்டர் பார்ப்பான்' என்று சொல்லிக்கொண்டிருந்தால், அந்த 14 நாளில் பாதி போய்விடும்.

இதில் பெசன்ட் நகர் ஓனர்கள் தயங்குவதைக் கேள்விப்பட்டால்தான் சிரிப்பு வருகிறது. அந்த ஊரின் பெயரே லண்டனில் பிறந்த அன்னி பெசன்ட்டின் பெயர். 1893-ல் இந்தியா வந்தவர், 1933-ல் அடையாறிலேயே இறந்தார். பக்கத்தில் பிரம்ம ஞான சபையை 1882-ல் அடையாற்றங்கரைக்குக் கொண்டுவந்தவர்கள் ஓர் அமெரிக்கரும் ஒரு ரஷ்யப் பெண்மணியும். கிண்டி பாம்புப் பண்ணையையும் கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையையும் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கர் நியூயார்க்கில் பிறந்தவர். அவர் பிறகு இந்தியக் குடிமகனாகவே ஆகிவிட்டார். இந்தப் பக்கத்து அடையாளங்களில் பாதி, வந்தவர்கள் தங்கிவிட்டதால் வந்தவை.

இன்று அப்படி 'சும்மா தங்கிவிட' வழி குறைவு. வேலை விசா வேண்டுமென்றால் வருடச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆங்கிலம் தவிர்த்த மொழி ஆசிரியர்களுக்கும், தங்கள் நாட்டுச் சமையலைச் செய்ய வரும் சமையல்காரர்களுக்கும் விலக்கு உண்டு. கிம்ச்சி செய்யத் தெரிந்த கொரியருக்கு இளகும் விதி, குறைந்த சம்பளத்தில் ஒரு சின்னப் பள்ளியில் வேலை பார்க்க ஆசைப்படுபவருக்கு இளகுவதில்லை. உள்ளூர்க்காரர்களின் வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்ற நியாயம் இதன் பின்னால் இருக்கிறது. எல்லா நாடும் இதைத்தான் செய்கிறது. நம் பிள்ளைகள் அமெரிக்காவில் ஹெச்1பி-க்குப் படுகிற பாடு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

கல்யாணம் செய்துகொண்டால்? இந்தியரைத் திருமணம் செய்தவருக்கு 'என்ட்ரி விசா' உண்டு. சுற்றுலா விசாவில் வந்து இங்கே திருமணம் செய்தவர் அதற்கு மாறவும் விண்ணப்பிக்கலாம். திருமணம் பதிவாகி இரண்டு வருடம் தொடர்ந்து நீடித்தால் ஓ.சி.ஐ. அட்டை கேட்கலாம். அதுவரை ஒவ்வொரு நீட்டிப்பிலும் கணவன் அல்லது மனைவி உடன் நிற்க வேண்டும். ஒரு சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போக, நம் வீட்டுப் பெண்ணுக்கு ஆட்டோ போதும். வெளிநாட்டு மருமகளுக்கு அந்தச் சண்டையில் விசாவும் சேர்ந்து ஆடும். விவாகரத்து ஆகிவிட்டால், திருமணத்தின் பேரில் வாங்கிய ஓ.சி.ஐ.யை ரத்து செய்யச் சட்டத்தில் இடமுண்டு. கணவர் இறந்துபோவது அந்தக் காரணங்களில் வராது. இது பல குடும்பங்களுக்குத் தெரியாது. துக்க வீட்டில் யாராவது தப்பாகச் சொல்லிப் பயமுறுத்திவிடுகிறார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் கதை என்று நினைத்துவிட வேண்டாம். தி.நகர் ஃபிளாட்டில் தனியாக இருக்கும் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். நியூஜெர்சியில் இருக்கும் மகள் அலறியடித்துக்கொண்டு கிளம்புகிறார். பத்து வருடத்துக்கு முன்பே அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாயிற்று. ஓ.சி.ஐ.க்கு அப்புறம் போடலாம் என்று தள்ளிப்போட்டிருந்தார். அவசரத்துக்கு இ-விசா எடுத்து வந்து இறங்குகிறார். பாண்டி பஜாரில் பிறந்து வளர்ந்தவர், இமிக்ரேஷனில் வெளிநாட்டவர் வரிசையில் நிற்கிறார். அம்மா வாக்கரைப் பிடித்து நடக்க எத்தனை மாதம் ஆகும் என்று டாக்டருக்கே தெரியாது. மகளுக்கோ நாள் எண்ணிக்கொடுத்தாயிற்று. சரி, இங்கேயே ஓ.சி.ஐ.க்கு விண்ணப்பித்துவிடலாமே? சுற்றுலா விசாவில் இருப்பவர் இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்க முடியாது. வசிக்கிற நாட்டிலேயே முடித்துவிட்டு வந்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வாங்கிய பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த வீடியோ காலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'சாப்டியா?' இல்லை, 'ஓ.சி.ஐ. போட்டாச்சா?'

போட்டாயிற்று என்றாலும், இருபது வயதுக்கு முன் வாங்கிய அட்டையை, இருபது தாண்டிப் புது பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒருமுறை மாற்ற வேண்டும். அட்டை இருந்தால் விசா தேவையில்லை, எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம், பதிவும் வேண்டாம். ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலம் வாங்க முடியாது. 'நீட்' எழுதினால் என்.ஆர்.ஐ. இடங்களுக்குத்தான் போட்டியிட முடியும் என்று 2021 மார்ச் 4-ல் வந்த அறிவிப்பு சொல்லிவிட்டது. அந்தத் தேதிக்கு முன் அட்டை வாங்கியவர்களுக்கு இது பொருந்தாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேரனை இங்கே டாக்டருக்குப் படிக்க வைக்கும் கனவில் இருக்கும் தாத்தாக்கள் அட்டையில் இருக்கும் தேதியை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

எதற்காக வந்தீர்கள் என்ற கேள்வியை எந்தப் படிவத்திலும் நிரப்ப முடியாமல் போனவர்கள் இன்னொரு பக்கம் இருக்கிறார்கள். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள். உயிர் பிழைக்க வந்தோம் என்று சொல்ல அதில் கட்டமே கிடையாது. விமானத்தில் பாஸ்போர்ட், விசாவோடு வந்து சென்னையில் வாடகை வீடு எடுத்தவர்கள் உண்டு. படகில் ராமேஸ்வரம் கரையில் இறங்கி முகாமுக்குப் போனவர்கள் உண்டு. தமிழ்நாட்டு முகாம்களில் சுமார் 58,000 பேர், முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாழ்கிறவர்கள் சுமார் 34,000 பேர். முகாம்களின் பெயர் 2021-ல் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. உள்ளே இருப்பவர்களின் சட்ட நிலை அதனால் மாறவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை.

2025 செப்டம்பர் 1-ல் வெளிநாட்டவர் தொடர்பான நான்கு பழைய சட்டங்களை எடுத்துவிட்டுப் புதிய குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விசா காலம் தாண்டித் தங்கினால் மூன்று வருடம் வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. கூடவே வந்த விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா நிபந்தனையிலிருந்து விலக்கு கிடைத்தது. பெரிய நிம்மதிதான். நாளைக்கே யாரும் 'சட்டவிரோதம்' என்று பிடித்துப் போக மாட்டார்கள். ஆனால் இந்த விலக்கு குடியுரிமை ஆகாது.

குடியுரிமைக்கு ஒரே ஒரு தேதி சிலரைக் காப்பாற்றியிருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் எவரும், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் இதை வைத்தே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் உத்தரவு வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் ஓட்டுப் போட்டார். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதனால் ஒரே வீட்டில், ஒரே அம்மாவுக்கு, ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்த அக்கா இந்தியக் குடிமகளாகவும், இரண்டு வருடம் கழித்துப் பிறந்த தம்பி வெளிநாட்டவராகவும் இருக்க முடியும். கடல் தாண்டிய ஊரை அந்தத் தம்பி ஒருநாள்கூடப் பார்த்திருக்க மாட்டார். வீடு மாறினால் பக்கத்துக் காவல் நிலையத்தில் போய்ச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.