காவலுக்குப் போனவர்களின் பெயர்

காவல் வேலைக்கு ஓர் இயல்பு உண்டு. அது நல்லபடியாக நடந்தால் கண்ணுக்குத் தெரிய ஒன்றும் மிஞ்சாது. ஐப்பசி அடைமழையில் இரவெல்லாம் கண்மாய்க் கரையைச் சுற்றிவருபவரை, கரை உடைந்தால்தான் ஊர் பேசும். உடையாமல் நின்றால் விடிந்ததும் மறந்துவிடும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரி ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்த மறதி நல்லதல்ல என்பதை இளையவர்களுக்குச் சொல்லிவைக்க விரும்புகிறேன். அதற்கு மூன்று பேரின் கதையைச் சொல்ல வேண்டும்.

1971 இந்திய-பாகிஸ்தான் போரில், டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் ஐ.என்.எஸ். குக்ரி என்ற நம் போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்க மறுத்து அதனோடே போனார். டையூவில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. நாடு அவர்களை அறியும்.

மறுநாள், டிசம்பர் 10. அரபிக்கடலின் மேல் ரோந்து போன நம் கடற்படையின் அலிசே விமானம் ஒன்றைப் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. லெப்டினன்ட் கமாண்டர் அசோக் ராய், லெப்டினன்ட் ஹர்பஜன் சிங் சிரோஹி, விஜயன் ஆகிய மூவரும் திரும்பவில்லை. இந்தப் பெயர்களை அறிந்தவர் எத்தனை பேர்?

அலிசே பிரான்சில் செய்த, ஒற்றை எஞ்சின் விமானம். ரேடாரைப் பார்த்தபடி, அலைமேல் கண் வைத்து, மணிக்கணக்கில் நிதானமாகப் பறந்தால்தான் நீர்மூழ்கியைத் தேட முடியும். ஸ்டார்ஃபைட்டரோ ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் பாயக்கூடியது. அப்படி ஒன்று எதிரே வந்தால் அலிசே ஓடித் தப்ப வழியில்லை. அது தெரிந்தும் ஏறிப் போவதற்கு வேண்டிய துணிவு, பாய்ந்து தாக்கும் துணிவுக்குக் குறைந்ததில்லை.

கடலில் போனவர்களின் வீட்டுத் துயரம் தனி. உடல் வராத வீட்டில் நம்பிக்கையும் சாகாது, அழுகையும் முடியாது. 1971 போரில் காணாமற்போன வீரர்களின் உறவினர்கள் 2007இல்கூடப் பாகிஸ்தான் சிறைகளுக்குப் போய்த் தேடினார்கள். கடலில் போனவர்களைத் தேடிக் காத்திருப்பது நம் கரையிலும் நடந்தது. 2015 ஜூனில் கண்காணிப்புக்குப் போன கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூவரோடு கடலில் விழுந்தது. 2016 ஜூலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என்.32 விமானம் 29 பேரோடு மறைந்தது. அதன் சிதைவுகள் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் கிடந்தது 2024இல்தான் தெரிந்தது. ஏழு ஆண்டுகளுக்கு மேல் அந்த வீடுகள் காத்திருந்தன.

இப்படிப் போனவர்களை மறக்காமலிருக்க நம் முன்னோர் வழி வைத்திருக்கிறார்கள். ஊர் காக்கவும் ஆநிரை மீட்கவும் போய் மாண்டவனுக்கு நடுகல் நட்டு, அவன் பெயரையும் செய்த காரியத்தையும் அதில் பொறித்தார்கள். ஆடி அமாவாசைக்கு நம் சனம் வறண்ட மண்ணைத் தாண்டிச் சேதுக்கரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் போகிறது. அங்கே பெற்றவர்களுக்கு எள்ளும் நீரும் இறைத்தபின், எள் இறைக்க ஆளில்லாதவர்களுக்கும் ஒரு கை நீர் விடுவது மரபு. நமக்குச் சொந்தமில்லாதவரையும் நினைப்பது கடமை என்றுதான் அதற்கு அர்த்தம்.

அதே 1971 போரில் கராச்சியைத் தாக்கிய வெற்றிக்காக டிசம்பர் 4ஐக் கடற்படை நாளாகக் கொண்டாடுகிறோம். கொண்டாடத்தான் வேண்டும். கூடவே டிசம்பர் 10 அன்று, நம் பக்கத்துப் பள்ளிகளின் காலை வழிபாட்டில் அலிசேயில் போன அந்த மூவரின் பெயர்களையும் ஒருமுறை சொல்லுங்கள். எந்த வேலையாய்ப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெற்றி தன்னைத் தானே நினைவூட்டிக்கொள்ளும். காவலை நாம்தான் நினைக்க வேண்டும்.