வெறுங்குளம் மிதக்கும்

பெப்ரவரி 9, 2025, ஞாயிறு

வாங்கின வீட்டில் எல்லாரும் மாடியைப் பார்த்தார்கள். நான் பின்வளவு நீச்சல் குளத்தைப் பார்த்தேன். எட்டு மீற்றர் நீளம், நான்கு மீற்றர் அகலம். நீல ஓடுகளில் பாதி உதிர்ந்துவிட்டன. தண்ணீர் பாசிப் பச்சை. மோட்டரைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் மின்சாரம் நின்றது. எங்கள் பழைய மோட்டர்தான் ஏதோ செய்துவிட்டதென்று பயந்தால், நாடு முழுக்கவே இல்லையாம். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததென்று பின்னேரச் செய்தி.

பெப்ரவரி 15, சனி

"கடல் கூப்பிடு தூரத்தில கிடக்க, இந்தத் தொட்டி ஏன் பிள்ளை? மண்ணைக் கொட்டி மூடிப்போட்டு நாலு தென்னை வையுங்கோ" என்கிறார் மாமா. அவர் வல்வெட்டித்துறை. 1971இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் நீந்திக் கடந்த ஆனந்தனின் ஊரவருக்குக் குளமெல்லாம் எந்த மூலைக்கு? ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றில் கல்கிசைக் கடலில் பிள்ளைகளை இறக்க எனக்குத் துணிவில்லை.

கசிவைப் பார்க்க வாளி நிறையத் தண்ணீரைக் குளத்துப் படியில் வைத்திருக்கிறோம். வெயிலுக்கு இரண்டும் வற்றும். குளம் மட்டும் கூட வற்றினால் ஓட்டை இருக்கிறது.

பெப்ரவரி 22, சனி

ஓட்டை இருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை, குளம் திருத்தக் கூப்பிட்ட மேசன் பாஸ் இன்று சொன்னார். வந்தவுடன் குளத்தை எட்டியும் பார்க்கவில்லை, நேரே கிணற்றடிக்குப் போய்க் கயிற்றை விட்டு ஆழம் பார்த்தார். "கிணத்தில தண்ணி மேல நிக்கேக்குள்ள குளத்தை இறைச்சா, குளம் எழும்பி வரும் மிஸ்."

சும்மா சொல்கிறார் என்று நினைத்துக் கணக்குப் போட்டேன். குளத்தின் அடித்தளத்துக்கு மேலே நிலத்தடி நீர் ஒரு மீற்றர் நின்றால், சதுர மீற்றருக்கு ஒரு தொன் வீதம் கீழிருந்து தள்ளும். எங்கள் குளத்துக்கு 32 தொன். இத்தனை வருடமும் உள்ளே கிடந்த பச்சைத் தண்ணீர்தான் அதை அமத்திப் பிடித்திருக்கிறது. அழுக்கென்று முதல் நாளே இறைக்கத் துடித்தவர்கள் இந்த வீட்டில் உண்டு, பெயர் எழுதவில்லை.

இப்போது வரட்சி, கிணறு இறங்கிக் கிடக்கிறது. சித்திரை மழைக்கு முன் முடிக்க வேண்டும்.

மார்ச் 1, சனி

இறைத்தாயிற்று. சுவரை அடிவரை பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். 2017இல் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்ட நாடு இது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கதவைத் தட்டினால் அதில் வியப்பில்லை.

மார்ச் 22, சனி

பூச்சு, நீர்க்காப்பு, ஓடு, குழாய், வடிகட்டிக்குப் புது மணல் எல்லாம் முடிந்தன. செலவைப் பற்றி எழுத மனமில்லை.

நிரப்ப ஏறத்தாழ 45,000 லீற்றர் வேண்டும். கிணற்றுநீரில் இரும்பு, குளோரின் பட்டதும் பழுப்பாகும். குழாய்நீரென்றால் அலகு கூடக் கூடக் கட்டணமும் படிப்படியாய் ஏறும். பவுசருக்குச் சொல்லியிருக்கிறோம்.

மார்ச் 29, சனி

பிஎச் 7.4. லீற்றருக்கு இரண்டு மில்லிகிராம் குளோரின் நிற்க வேண்டும். 65 வீதத் தூளென்றால் சுமார் 140 கிராம். வெயில் அதைத் தின்றுவிடும் என்பதால் பொழுதுபட்ட பிறகுதான் போடுகிறோம். மாமா கரையில் கதிரை போட்டிருந்து, பிள்ளைகளின் கையடி பிழை என்று சத்தம் போடுகிறார்.

மோட்டர் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்: "கிணற்றைப் பார்க்காமல் குளத்தை இறைக்கக் கூடாது." பாஸ் பேனாவை வாங்கி அடியில் சிங்களத்திலும் எழுதினார். "அடுத்து வாற ஆளுக்குத் தமிழ் தெரியாட்டி?"